மிட்டாய் மாமாவின் நாற்பத்து மூன்றாவது வாரம்

போன்ல நீங்க கேட்டப்போ சரி, சரி, சரின்னு மூணு தடவ சொன்னேன் இல்ல, அதை மறந்துடுங்கம்மா. அது வாய் சொன்னது. என் வாய் எப்பவும் எனக்கு ரெண்டடி முன்னாடி நடக்கும். உக்காருங்க. ஃபேன் வேகமா வேணும்னா வைக்கிறேன், ஆனா அது போடுற சத்தத்துக்கு மேல நான் கத்தணும்.

உங்க ஆபீஸ்ல பழைய சீரியலை எல்லாம் வாங்கி செல்போன்ல பாக்குற மாதிரி போடுறீங்க. நல்ல விஷயம். எங்க "அஞ்சு வீடு ஒரு குழாய்" சீரியலையும் வாங்கியிருக்கீங்க. அதுல நாப்பத்திமூணாவது வாரத்தை மட்டும் எடுத்துடலாமான்னு யோசிக்கிறீங்க. குடும்பத்தோட உக்காந்து சிரிக்கிற சீரியல்ல இப்படி ஒரு வாரம் இருந்தா ஜனங்க முகம் சுளிப்பாங்கன்னு பயம். டைரக்டர் சகாயம் போய்ச் சேந்துட்டாரு, எழுதின மரகதம் டீச்சரும் போயிட்டாங்க. மிச்சம் இருக்குறது நான். அதனால மரியாதைக்கு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்க. என்னை யாராவது மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டு ரொம்ப வருஷம் ஆச்சும்மா. அதான் மூணு தடவ சரி.

இன்னொண்ணும் உண்டு. அந்த ஒரு வாரம் இந்த உலகத்துலேர்ந்து அழிஞ்சு போகணும்னு நான் வேண்டாத சாமி இல்ல.

நீங்க அப்ப பொறந்திருக்க மாட்டீங்க. தொண்ணூத்தாறு. ஞாயித்துக்கிழமை காலையில பத்தரை மணிக்கு வரும். ஒரு காம்பவுண்டு, அஞ்சு குடித்தனம், நடுவுல ஒரே ஒரு தண்ணிக்குழாய். யாரு மொதல்ல குடம் வைக்கிறதுன்னு சண்டை, அவ்வளவுதான் கதை. ஊரே பாத்துச்சு. நான் அப்ப வில்லிவாக்கத்துல மின்சார ஆபீஸ்ல பில் கட்டுற கவுண்டர்ல உக்காந்திருந்தேன். சாயங்காலம் நாடகம். நாடகத்துல தபால்காரன், இல்ல டாக்டர், ரெண்டே வேஷம்தான் குடுப்பாங்க. டாக்டர்னா ஸ்டெதாஸ்கோப்பு, தபால்காரன்னா பை. மத்தபடி ஒரே நடிப்புதான்.

சகாயம் சார்தான் என்னைக் கூப்பிட்டு மூணாவது வீட்டு ஆளா போட்டாரு. கல்யாணம் ஆகாத ஆளு, சட்டைப் பைல எப்பவும் மிட்டாய் இருக்கும், குழாயடில அழுற பிள்ளைங்க எல்லாம் அவன்கிட்டதான் ஓடி வரும். பேரே மிட்டாய் மாமா. சிரிப்புச் சத்தம் தனியா ஒரு டேப்புல வச்சிருப்பாங்க, வசனம் முடிஞ்சதும் சேப்பாங்க. அந்த டேப்புல ஒரு அம்மா இருமுவாங்க. எனக்கு வர்ற சிரிப்புல மட்டும் அந்த இருமலும் வந்துடும். என் ஜோக்குக்கு மட்டும் ஏன் இருமல்னு சண்டை போட்டிருக்கேன்.

ஆனா பேரு கிடைச்சுது. பஸ்ல ஏறினா பிள்ளைங்க "மிட்டாய் மாமா"ன்னு கை நீட்டும். நானும் நிஜமாவே சட்டைப் பைல மிட்டாய் போட்டுக்க ஆரம்பிச்சேன். இன்னைக்கு எனக்குச் சக்கரை எந்த அளவுல இருக்குன்னு கேக்காதீங்க, பாதி அதுல வந்ததுதான்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் சகாயம் சார் கூப்பிட்டு, இந்த வாரம் சிரிப்பு டேப் கிடையாதுன்னாரு. பக்கத்துல மரகதம் டீச்சர். அவங்க முன்னாடி ஸ்கூல்ல வேலை பாத்தவங்க, அப்புறம் எழுத வந்தவங்க. கதையை அவங்கதான் சொன்னாங்க. காம்பவுண்டுல இருக்குற ஒரு சின்னப் பொண்ணுகிட்ட ஒரு ஆளு தப்பா நடந்துக்கிறான், அம்மாகிட்ட சொல்லாதேங்கிறான். பொண்ணு சொல்லிடுது.

நான் நெஞ்சை நிமித்திக்கிட்டு, அப்ப நான்தான் அந்தப் பொண்ணைக் காப்பாத்துறேனா டீச்சர்னு கேட்டேன். அவங்க என்னையே பாத்தாங்க. இல்ல சார், அந்த ஆளே நீங்கதான்னாங்க.

எனக்குக் கோபம் வந்துச்சு. வேற ஆளைப் போடுங்க, நல்லா முரட்டு மீசை, செவந்த கண்ணு, புதுசா குடிவந்தவன்னு காட்டுங்கன்னு சொன்னேன். அதுக்கு அவங்க சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு. "செவந்த கண்ணோட வர்றவன்கிட்ட எந்தப் பிள்ளை சார் போகும்? உங்ககிட்டதானே போகும்."

இதைக் கேட்டு வேற எவனா இருந்தாலும் யோசிச்சிருப்பான். நான் என்ன செஞ்சேன்? உங்களுக்கு முடியலைன்னா விட்டுடுங்கன்னு சகாயம் சார் சொன்னாரு பாருங்க, அங்க விழுந்தேன். என்னால முடியாதா? ஒரு அவார்டே வாங்கிடலாம்னு மனசுல மாலை போட்டுக்கிட்டேன். நாலு நாள் கண்ணாடி முன்னாடி நின்னு பார்வையைப் பழகினேன். குணவதி, என் வீட்டுக்காரி, அந்தப் பக்கம் போனவ நின்னு பாத்துட்டு, வயிறு சரியில்லையான்னு கேட்டுட்டுப் போனா.

ஷூட்டிங்ல அந்தப் பார்வையை எடுத்து விட்டேன். சகாயம் சார் கட்டுன்னாரு. ஏகாம்பரம், ஒண்ணும் பண்ணாதே, வாராவாரம் எப்படிச் சிரிச்சு மிட்டாய் குடுப்பியோ அதே மாதிரி சிரிச்சுக் குடு, அது போதும்னாரு. எனக்கு அவமானமாப் போச்சு. நடிக்கவே வேண்டாம்னுட்டாங்களே.

அந்தக் குழந்தை நட்சத்திரத்துக்கு ஒண்ணும் தெரியாதும்மா, அதுல டீச்சர் கண்டிப்பா இருந்தாங்க. அதுங்கிட்ட ஒரு நாய்க்குட்டியை ஒளிச்சு வைக்கிற கதைன்னு சொல்லித்தான் எடுத்தாங்க. அதோட அம்மாவும் பக்கத்துலயே நின்னாங்க. நான் மிட்டாய் குடுக்கணும், "அம்மாகிட்ட சொல்லாதே"ன்னு சொல்லணும், கதவைச் சாத்தணும். கேமரா வெளியவே நின்னுடும். சாத்தின கதவு மட்டும்தான் தெரியும். வேற ஒண்ணுமே கிடையாது. நீங்க பாத்திருப்பீங்க. அந்தக் கதவைத்தான் இப்ப எடுத்துடலாங்குறீங்க.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. குணவதி சமையக்கட்டு வாசல்ல நின்னே பாத்தா. முடிஞ்சதும் உள்ள போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பிச்சா. ஏற்கனவே தேய்ச்சு வச்ச பாத்திரம். எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன், அவ குழாயைத் திறந்து விட்டா. நடிப்பு பிடிக்கலபோலன்னு நினைச்சேன். மூணு நாள் சரியாப் பேசல. எனக்கும் ரோஷம், நானும் பேசல.

திங்கக்கிழமை ஆபீஸ் போனா, மத்தியானம் என் பக்கத்துல உக்காந்து சாப்பிடுற அம்மா ரெண்டு பேரும் டப்பாவைத் தூக்கிக்கிட்டு அந்தக் கோடிக்குப் போயிட்டாங்க. தெருவுல நான் வந்தா "உள்ள வா, உள்ள வா"ன்னு ஒவ்வொரு வீட்டுலேர்ந்தும் சத்தம். அயனாவரம் மார்க்கெட்டுல ஒரு அம்மா குடையால முதுகுல ஒண்ணு போட்டாங்க. வெண்டைக்காய் வாங்கிக்கிட்டிருந்தேன். அவார்டுக்கு மாலை போட்டுக்கிட்டேன் பாருங்க, கிடைச்சது குடை. அதுவும் மழையில்லாத நாளு.

இதெல்லாம்கூடப் பரவாயில்ல. அடுத்த வாரம் ஷூட்டிங் எப்பன்னு கேக்க சகாயம் சாருக்குப் போன் போட்டேன். அவரு, ஏகாம்பரம், மிட்டாய் மாமா ஜெயிலுக்குப் போயிட்டானேன்னாரு. அப்பதான் எனக்கு உறைச்சுது. முழு ஸ்கிரிப்டையும் படிச்சேன், கடைசியில போலீஸ் கூட்டிட்டுப் போறதையும் நானேதான் நடிச்சேன், ஆனா அடுத்த வாரம் குழாயடில நான் எப்படி நிப்பேன்னு ஒரு நிமிஷம்கூடத் தோணல. அவன் ஜெயிலுக்குப் போயிட்டான், நான் எங்க போறது?

விடலையே. நானே உக்காந்து ஒரு கதை எழுதினேன். மிட்டாய் மாமாவுக்கு பம்பாய்ல ஒரு ரெட்டைப் பிறவித் தம்பி. ரொம்ப நல்லவன். அவன் வந்து அண்ணன் வீட்டுல குடியேறுறான். பதினெட்டுப் பக்கம். டீச்சருக்கு அனுப்பினேன். திருப்பி அனுப்பிட்டாங்க. மேல ஒரு வரி, "சார், பிள்ளைங்களை மறுபடியும் ஏமாத்தச் சொல்றீங்களா?" இது பொறாமைன்னு பல வருஷம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

சொந்தக்காரங்களும் ஒதுங்கிட்டாங்க. என் சகலை வீட்டுக் காதுகுத்துல, என் மடில இருந்த குழந்தையை யாரோ சிரிச்சுக்கிட்டே வாங்கிட்டுப் போனாங்க. நான் சாப்பிடாம எழுந்து வந்துட்டேன். ஒரே ஒரு மனுஷன்தான் எனக்கு ஆறுதலா போன் பண்ணாரு. குணவதியோட சித்தப்பா, போளூர்ல இருந்தாரு. "அதெல்லாம் நடிப்பு மாப்ள, ஜனங்களுக்குப் புரியல, நீ மனசு விடாதே"ன்னாரு. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. அவருக்குக் கண்புரை ஆபரேஷன் பண்ணணும், மெட்ராஸ்ல பண்ணா நல்லாயிருக்கும்னு இழுத்தாரு. மாமா, எங்க வீட்ல வந்து ஒரு மாசம் தங்குங்கன்னு நானே கூப்பிட்டேன்.

குணவதிகிட்ட சொன்னேன். சரின்னு தலையாட்டிட்டு, அப்ப வானதியை எங்க அக்கா வீட்ல விட்டுட்டு வரேன்னா. வானதி எங்க பொண்ணு, அப்ப ஒம்போது வயசு. எனக்கு ஆத்திரம். எப்பவும் இதே பாட்டுதான். அவரு எப்ப வந்தாலும் இவ பொண்ணை அக்கா வீட்டுக்கு அனுப்பிடுவா. பெரியவங்க வந்தா பிள்ளை வீட்டுல இருக்க வேண்டாமா, உனக்கு மனுஷங்களே ஆகாதான்னு கத்தினேன். அவ வானதியோட துணியைப் பையில எடுத்து வச்சா.

அந்த வாரத்துலதான் கவுண்டருக்கு ஒரு அம்மா வந்தாங்க. கூட யூனிஃபார்ம்ல ஒரு பொண்ணு, பத்து வயசு இருக்கும். வரிசை முடியட்டும்னு ஓரமா நின்னாங்க. எனக்கு வெண்டைக்காய்க் கடை ஞாபகம் வந்துச்சு. பேனா விழுந்துட்ட மாதிரி மேஜைக்கு அடியில குனிஞ்சுக்கிட்டேன். ரொம்ப நேரம் குனிஞ்சிருந்தேன். நிமிந்தா ரெண்டு பேரும் அங்கயேதான் நிக்கிறாங்க.

அந்த அம்மா சத்தமில்லாமப் பேசினாங்க. ஞாயித்துக்கிழமை சீரியல் பாத்துக்கிட்டிருக்கும்போதே பொண்ணு இட்லித் தட்டைக் கீழ வச்சிடுச்சாம். அம்மா, எங்க டியூஷன் சாரும் இப்படித்தான் சொன்னாருன்னு சொல்லுச்சாம். அப்பாவும் மாமனும் அவன் வீட்டுக்குப் போய், அப்புறம் போலீஸ்ல சொல்லி, இப்ப அவன் உள்ள இருக்கான். ஆனா பொண்ணு ராவெல்லாம் தூங்கலையாம், அந்த மிட்டாய் மாமாவை நேர்ல பாக்கணும்னு சொல்லுச்சாம்.

பழக்க தோஷம், என் கை சட்டைப் பைக்குப் போயிடுச்சு. உள்ள ஒரு பழைய மிட்டாய் உருகி ஒட்டிக்கிட்டிருக்கு. அந்த அம்மா என் கையையே பாக்குறாங்க. பேனாவை எடுத்து மேஜையில வச்சேன். கையை எங்க வைக்கிறதுன்னு தெரியல.

அந்தப் பொண்ணு கேட்டுச்சு, "நிஜமாவே நீங்க கெட்டவரா?"

"இல்லம்மா. நான் நல்லவன்தான்."

"அவரும் அப்படித்தான் சொன்னாரு."

அவ்வளவுதான். ரெண்டு பேரும் போயிட்டாங்க.

இப்பவாவது புத்தி வந்துச்சான்னு கேளுங்க. வரல. வீட்டுக்கு வந்து இதையும் ஒரு குறையாத்தான் சொன்னேன். பாத்தியா, ஒரு சின்னப் பிள்ளைகூட என்னை நம்பல, என் நிலைமையைப் பாத்தியான்னு குணவதிகிட்ட புலம்பினேன்.

இனிமே சொல்லப்போறது அவ கதை. உங்ககிட்ட சொல்லலாமான்னு இன்னைக்குக் காலையில கேட்டேன். "முழுசாச் சொல்லுங்க. பாதி சொன்னா உங்களைப் பத்தி மட்டும்தான் சொல்லுவீங்க"ன்னுட்டு வாக்கிங் போயிருக்கா.

அன்னைக்கு அவ துணி மடிச்சுக்கிட்டிருந்தா. என் புலம்பல் முடிஞ்சதும், மடிச்ச துணியைப் பாத்துக்கிட்டே சொன்னா. "எங்க சித்தப்பாவும் அப்படித்தான் சொல்லுவாரு. அம்மாகிட்ட சொல்லாதேன்னு. எனக்கு எட்டு வயசு."

கட்டின பொண்டாட்டி, எட்டு வயசுலேர்ந்து முப்பத்திநாலு வருஷமா உள்ளயே வச்சிருந்ததைச் சொல்றா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒரு நொடிகூட யோசிக்கல. "யாரு, போளூராரா? ரொம்ப நல்ல மனுஷராச்சே."

சொல்லி முடிச்சப்புறம்தான் அது யாரு பேசின வசனம்னு எனக்கே கேட்டுச்சு. நாப்பத்திமூணாவது வாரத்துல, பொண்ணு சொன்னதும் அம்மாவா நடிச்சவங்க சொல்லுவாங்க, யாரு, மிட்டாய் மாமாவா, ரொம்ப நல்ல மனுஷராச்சேன்னு. ஷூட்டிங்ல அதைக் கேட்டு, இந்த அம்மாவுக்கு அறிவே இல்லையான்னு சிரிச்சவன் நான்.

குணவதி அழல. மடிச்ச துணியைத் தூக்கிக்கிட்டுப் போய் அலமாரில வச்சா. அந்த வயசுல அவ போய்ச் சொன்னப்போ அவ அம்மாவும் இதையேதான் சொன்னாங்களாம். அது எனக்கு அப்புறமாத் தெரிஞ்சுது. பொண்ணை ஏன் ஒவ்வொரு தடவயும் அக்கா வீட்டுக்கு அனுப்பினான்னு கேக்க வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு. அவ தனியாளா காவல் காத்திருக்கா, நான் அவளைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

மறுநாள் காலையில பத்து மணிக்கு அந்தச் சித்தப்பா வர்ற பஸ் பாரிமுனைக்கு வந்துச்சு. கூட்டிட்டு வர்றேன்னு கிளம்பினேன். வழி நெடுக, வீட்ல தண்ணி கஷ்டம், வெள்ளையடிக்கிறோம், எனக்கு அம்மை போட்டிருக்குன்னு என்னென்னமோ பொய் தயார் பண்ணேன். அம்மை போட்டவன் பஸ் ஸ்டாண்டுக்கு எப்படி வந்தான்னு கேட்டா என்ன சொல்றதுன்னு அதுக்கும் ஒண்ணு யோசிச்சேன். தைரியம் இல்லம்மா, அதான் உண்மை.

அவரு இறங்கினாரு. வெள்ளைச் சட்டை, கைல பை. வா மாப்ள, இன்னும் அந்த நடிப்பைப் பத்தியே ஜனங்க பேசுறாங்களான்னு சிரிச்சாரு. தயார் பண்ண பொய் ஒண்ணும் வாய்க்கு வரல. வேற என்னமோ வந்துச்சு.

"என்னுதுதான் நடிப்பு மாமா. உங்களுது நடிப்பு இல்லைன்னு குணவதி சொல்லிட்டா."

அவரு முகம் மாறும்னு எதிர்பாத்தேன். மாறல. அதே சிரிப்பு. அவ சின்ன வயசுலேர்ந்தே கதை கட்டுவா மாப்ளன்னாரு. ஒண்ணும் பண்ணாதே, அதே மாதிரி சிரின்னு சகாயம் சார் என்கிட்ட ஏன் சொன்னாருன்னு அங்கதான் எனக்குப் புரிஞ்சுது. ஷூட்டிங்ல புரியல, குடையடி வாங்கினப்போ புரியல, அங்க புரிஞ்சுது.

இனிமே எங்க வீட்டு வாசப்படி ஏறாதீங்கன்னேன். அவரு பையைப் புடுங்கி எதிர்ல கிளம்பிக்கிட்டிருந்த பஸ்ல வச்சேன். அது திண்டிவனம் பஸ். கண்டக்டர் இறங்கி, சார், போளூர் பஸ் அங்க நிக்குதுன்னு பையை என் கையிலயே திருப்பிக் குடுத்தாரு. வாழ்க்கையில ஒரே ஒரு தடவ வீரமா நின்னேன், அதுலயும் தப்பான பஸ். பையைச் சுமந்துக்கிட்டுப் போய் சரியான பஸ்ல ஏத்திவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டுக்கு வந்தா குணவதி வாசல்லயே நிக்கிறா. பஸ் வரலையான்னு கேட்டா. வந்துச்சு, அனுப்பிட்டேன்னேன். என்ன சொன்னீங்கன்னு கேட்டா. சொன்னேன். இன்னொரு தடவ சொல்லுங்கன்னா. திரும்பவும் சொன்னேன். என் வசனத்தை ரெண்டாவது தடவ கேட்ட ஒரே ஆளு அவதான்.

அந்த மனுஷனுக்கு அப்புறம் வேலூர்ல ஆபரேஷன் நடந்துச்சு. நாங்க போகல. செத்தப்பவும் போகல. டிவில மூஞ்சி தெரிஞ்சதும் ஏகாம்பரத்துக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு, ஆபத்துக்குக்கூட ஒருத்தரைச் சேக்கலன்னு சொந்தத்துல பேசினாங்க. பேசட்டும்னு விட்டுட்டேன். காரணம் சொல்றதா வேண்டாமாங்கிறது அவ இஷ்டம். குடையடியைவிட அந்தப் பேரு எனக்கு லேசாத்தான் இருந்துச்சு.

இருந்தாலும் மனுஷ புத்தி பாருங்க. நடிக்க வாய்ப்பு வரலைங்கிற எரிச்சல் மட்டும் போகல. அந்த வாரம் ஒழிஞ்சா நல்லதுன்னு இத்தனை வருஷமும் தோணிக்கிட்டே இருந்துச்சு. அதான் நீங்க கேட்டதும் மூணு சரி. போனை வச்சுட்டு சந்தோஷமா குணவதிகிட்ட சொன்னேன். அவ காப்பி ஆத்திக்கிட்டிருந்தவ நிறுத்திட்டு, அந்தக் காகிதத்தைக் காட்டுங்கன்னா.

நீங்க அனுப்பினது. அந்த வாரத்தை எடுக்கலைன்னா ஆரம்பத்துல ஒரு எச்சரிக்கை போடணும்னு டைப் அடிச்சு வச்சிருக்கீங்களே: "இப்பகுதியில் மனதைப் பாதிக்கும் விஷயங்கள் உள்ளன. குழந்தைகள் பார்ப்பதைத் தவிர்க்கவும்." மேல் வரி இருக்கட்டும்னுட்டா. ரெண்டாவது வரியை ஸ்கேல் வச்சு அடிச்சிருக்கா. பக்கத்துல பேனாவால எழுதியிருக்கா, அவளுக்குப் பெரிய எழுத்து, கண்ணாடி இல்லாமயே படிக்கலாம். படிங்க.

"குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்க்கவும். பிறகு அவர்கள் ஏதாவது சொன்னால் நம்பவும்."

இதை அப்படியே போடுங்கம்மா. ஒரு வார்த்தை மாத்தக் கூடாது. எழுத்து அவளோடது. கீழ கையெழுத்து மட்டும் நான் போட்டிருக்கேன்.